பதினோரு ஊருக்கு ஒரு மூச்சு

கையில் பீடி எரிந்துகொண்டிருக்கும்வரை ஒருவனை வேலைக்கு அழைக்கக் கூடாது. கையில் ஒன்றும் இல்லாதவன் உட்காரக் கூடாது. கொட்டச்சேட்டுக்கு மேலே உள்ள அந்தக் காப்பி எஸ்டேட்டில் இந்த விதியை எவரும் எழுதிவைத்ததில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கணக்கெழுதும் ரைட்டரிடம் ஒரு காகிதம் உண்டு. இதற்குக் காகிதம் தேவைப்படவில்லை. மேஸ்திரி ஐயாக்கண்ணு செடி வரிசைகளின் ஊடே நடந்து வருவார். பாறையின் மேல் புகை தெரிந்தால் பார்வையை விலக்கிக்கொண்டு கடந்துபோவார். புகையில்லாமல் ஒரு முதுகு சாய்ந்திருந்தால் அருகே வந்து, "என்ன சாமி, ஒடம்பு சரியில்லையா?" என்பார். அந்தக் கேள்வியில் கோபம் இருக்காது. ஆனாலும் எழுந்துகொள்வதற்கு அது போதும். பெண்களுக்கு வெற்றிலை மடிக்கும் நேரம் உண்டு, அதுவும் நின்றபடியே.

இந்த விதியை நம்பித்தான் இளவரசி ஏழு வருடங்களுக்கு முன்பு தன் தம்பிக்கு ஒரு கட்டு பீடி வாங்கிக் கொடுத்தாள்.

அப்போது வேலுசாமிக்குப் பதினேழு வயது. கொட்டச்சேட்டில் அப்பாவும் அம்மாவும் இல்லாத வீடு. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கையோடு அக்காவுடன் எஸ்டேட்டுக்கு வந்தான். பெண்கள் பறித்த பழத்தை மூட்டையாகத் தோளில் ஏற்றி, சரிவில் இறங்கி, பழம் உரிக்கும் கொட்டகைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அவனுடைய வேலை. முதல் நாள் மதியத்துக்குள் அவனுடைய கால்கள் நடுங்குவதை இளவரசி தன் வரிசையிலிருந்தே பார்த்தாள். மறுநாள் காலையில் அந்தக் கட்டை அவன் சட்டைப்பையில் வைத்தாள்.

"சும்மா கையில புடிச்சுக்க கண்ணு. இழுக்க வேண்டாம். பத்து நிமிசம் உக்கார உடுவாங்க."

அவர்கள் வீட்டில் எவரும் புகைத்ததில்லை. ஆகவே அவளுக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. சிகரெட்டைப் பற்றவைத்துக் கையில் வைத்திருந்தால் அது தன்பாட்டில் எரியும். பீடி அப்படி எரியாது, இழுக்காவிட்டால் அணைந்துவிடும். வேலுசாமியின் முதல் பீடி ஒரு நிமிடத்தில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மேஸ்திரி வந்து நின்று, ஒடம்பு சரியில்லையா என்று கேட்டார். மூன்றாவதை அவன் இழுத்தான்.

அந்தப் பத்து நிமிடங்களை அவன் வீணாக்கவில்லை என்பதுதான் பின்னாளில் அவளை அதிகம் வதைத்தது. பாறையில் உட்கார்ந்து, பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, அவன் பாடிப் பழகினான்.

அந்தச் சேர்வராயன் மலையூர்களின் பஜனைக் குழுவுக்கு ஒரு பாட்டு உண்டு. அதில் ஓர் அடி மட்டும் பதினோரு ஊர்ப் பெயர்களால் ஆனது. வாழவந்தியில் தொடங்கிச் சேர்வராயன் கோயிலில் முடியும் அந்த அடியை, முன்னால் நிற்கும் பாடகன் ஒரே மூச்சில் பாட வேண்டும். ஊர்களின் வரிசை நடக்கும் வழியின் வரிசை அல்ல. ஒவ்வோர் ஊருக்கும் சுருதி ஒரு படி மேலே ஏறும்படி யாரோ அடுக்கிய வரிசை. எந்த ஊரில் பாடகனின் மூச்சு முடிகிறதோ, அடுத்த ஊரைக் குழு எடுத்துக்கொள்ளும். அதில் அவமானம் இல்லை. பெரும்பாலோர் ஏழாவது ஊரிலோ எட்டாவது ஊரிலோ குழுவின் கையில் பாட்டைக் கொடுத்துவிடுவார்கள். வேலுசாமி பத்தொன்பதாவது வயதில் பதினோரு ஊரையும் பாடிக் கோயிலில் போய் நின்றான். கோயிலில் அவன் குரலை இழுத்து நிறுத்தியபோது, தாளம் போட்டவர்கள் கை தட்ட மறந்துபோனார்கள்.

பாறையில் அவன் பழகிய முறை இதுதான்: ஓர் இழுப்பு, ஓர் ஊர், ஓர் இழுப்பு, இரண்டு ஊர். பீடி அணையாமல் இருக்க வேண்டும். பாட்டும் நடக்க வேண்டும்.

சென்ற வைகாசித் திருவிழாவில் சேலத்திலிருந்து பாக்கியநாதன் என்பவர் வந்திருந்தார். கல்யாணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் போகும் இன்னிசைக் குழுவொன்றை நடத்துபவர். பாட்டு முடிந்ததும் வேலுசாமியின் தோளைத் தொட்டு, "தை கடைசி ஞாயித்துக்கெழம வா தம்பி. எங்க ஆளுங்களும் கேக்கட்டும். சரியா வந்தா மூட்டைய எறக்கி வெச்சுட்டு எங்ககூட வந்துரலாம்" என்றார். அன்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமையை நோக்கித்தான் அந்த வீட்டின் நாட்கள் நகர்ந்தன.

ஆனால் ஆவணியில் அவனுடைய மூச்சு பத்தாவது ஊரில் முடிந்தது. ஐப்பசியில் எட்டாவதில். குழு அடுத்த ஊரை எடுத்துக்கொண்டது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இளவரசி முந்தானைக்குள் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில், சேலத்துக் கல்லூரி ஒன்றில் பேச்சுத்திறனும் செவித்திறனும் குறித்துப் படிக்கும் மேனகா என்ற பெண் வாழவந்திப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். புகைப்பழக்கம் இளவயதுப் பாடகர்களின் மூச்சையும் குரலையும் என்ன செய்கிறது, பாடாதவர்களை என்ன செய்கிறது என்பது அவளுடைய ஆய்வு. பாடுகிறவர்கள், பாடாதவர்கள், அவர்களிலும் புகைப்பவர்கள், புகைக்காதவர்கள் என்று நான்கு வகையினரும் அவளுக்கு வேண்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எஸ்டேட்டிலிருந்து பலர் வந்தார்கள். ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிவாங்கி, ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்று, இவ்வளவுதான் அவளிடம் இருந்தவை.

முதலில் உட்கார்ந்தவன் மூட்டை தூக்கும் சித்தன்.

"ஏனுங்க டாக்டரம்மா, கத்தோணுமுங்களா?"

"நான் டாக்டர் இல்லீங்க, படிச்சிட்டிருக்கேன். கத்த வேண்டாம். சாதாரணமாப் பேசற குரல்ல 'ஆ'ன்னு ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம்."

"அதுக்கு என்ற பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்திருக்கோணும். மூச்சு வாங்காமப் பேசுவா."

சன்னலுக்கு வெளியே நின்ற வீராயி உடனே சொன்னாள்: "வாங்கினா அந்தச் சந்துல நீ பேச ஆரம்பிச்சிருவியே."

சித்தன் பதினோரு விநாடி தாக்குப்பிடித்தான். பிறகு இருமத் தொடங்கி, இருமல் நிற்கும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாட்டுக்காரனா நான்? எனக்கு எதுக்குங்க மூச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான். இளவரசிக்குப் பத்தொன்பது விநாடி வந்தது. மேனகா எண்ணைப் படித்ததும், இது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவள் எழுந்துகொண்டாள்.

வேலுசாமி உட்கார்ந்தபோது அறை அமைதியாயிற்று. அவன் எடுத்த 'ஆ' காதுக்கு ஒரே இழையாக நின்றது, இருபத்தொரு விநாடி. வாசலில் நின்றவர்கள் கை தட்டினார்கள். இளவரசிக்கு உடம்பு முழுதும் லேசானது. ஐப்பசியில் எட்டாவது ஊரில் நின்றது ஏதோ சளியால்தான் என்று அந்த ஒரு கணம் அவள் நம்பினாள்.

மேனகா கை தட்டவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை பாக்கலாமாங்க? இந்தக் கிளிப்பை மூக்குல போட்டுக்கங்க."

வேலுசாமி ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கிளிப்பை வாங்கி மாட்டிக்கொண்டான். இம்முறை எட்டு விநாடி. மூன்றாம் முறை ஏழு.

மேனகா நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தி, வாசலில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள். பின்னால் நின்ற அக்காவுக்குக் கேட்டது.

"முதல் தடவை நடுவுல மூணு எடத்துல மூக்கால மூச்சு எடுத்திருக்கீங்க. காதுக்குத் தெரியல, திரையில கோட்டுல தெரியுது. தப்புன்னு சொல்லல. பாடறவங்களுக்கு மூச்சைப் பிரிச்சுச் செலவு பண்ணத் தெரியும். அதனாலயே கொறை சீக்கிரம் வெளிய வர்றதில்ல. சித்தன் அண்ணனை இருமல் காட்டிக் குடுத்துருது. உங்களை உங்க தெறமையே மறைச்சு வெச்சிருது."

"எத்தன நாளா மறைச்சிருக்குதுங்க?" என்று வேலுசாமி கேட்டான்.

"அது எனக்குத் தெரியலீங்க. பெரிய ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்க. கட்டாயம் போங்க." அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். அதில் கேள்விகள் இருந்தன. எத்தனை வயதில் தொடங்கினீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை? கடைசியில் ஒன்று: "முதல் பீடி எப்படிக் கெடச்சது? நண்பர்கள் குடுத்தாங்களா, வீட்ல இருக்கறவங்களா, நீங்களாவா?"

இளவரசி பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நானாத்தானுங்க" என்றான் வேலுசாமி. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் மிளகுக்கொடி ஏறிய மரங்களைத் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"எதுக்குடா அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"நானாத்தான்னு."

"காயிதத்துல உன்ற பேரு எதுக்குக்கா."

அவன் முன்னால் நடந்தான்.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவர் திரையைத் திருப்பி இருவருக்கும் காட்டினார். வெள்ளையாக, மெலிதாக இருக்க வேண்டிய இரண்டு மடிப்புகள் சிவந்து, நீர் கோத்ததுபோல் தடித்திருந்தன. புகையை அடியோடு நிறுத்த வேண்டும் என்றார் அவர். நிறுத்தினால் வீக்கம் வடியலாம். மூச்சும் மெல்ல மெல்லத் தேறும். பழைய உச்சிக் குரல் எவ்வளவு திரும்பும் என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது. வேலுசாமி தலையாட்டினான். தை கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. பேருந்து நிலையத்தில் சட்டைப்பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

அது பழம் மிகுதியாக வரும் மாதம். முதல் நாள் அவன் உட்காரவே இல்லை. உட்காராதே என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் மூட்டையை இறக்கிவிட்டு மேலே வந்த ஒவ்வொரு முறையும் அடுத்த மூட்டை தயாராக இருந்தது. மற்றவர்கள் புகைவிட்டபடி பாறையில் இருந்தார்கள். வெறுங்கையோடு நின்றவன் இவன் ஒருவன்தான். இரண்டாம் நாள் ஒரு சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்தான். "என்ன சாமி, ஒடம்பு சரியில்லையா?" என்ற குரல் கேட்டது, நிமிர்ந்துகொண்டான். மூன்றாம் நாள் பற்றவைக்காத பீடி ஒன்றை விரலிடுக்கில் வைத்துப் பாறையில் உட்கார்ந்து பார்த்தான். சித்தன் சிரித்துச் சிரித்துக் குனிந்துபோனான். "எரியாத பீடிக்கு என்னடா ஓய்வு? நாளைக்குக் காப்பிக் குச்சிய வெச்சுட்டு வருவயா?" எல்லோரும் சிரித்தார்கள். வேலுசாமியும் சிரித்துவிட்டு எழுந்துபோனான்.

அன்று மாலை இளவரசி மேஸ்திரியிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க, அவனுக்குத் தொண்டை சரியில்லீங்க. பீடி கூடாதுன்னுட்டாங்க. ஒரு பத்து நிமிசம் சும்மா உக்கார உடுங்க."

ஐயாக்கண்ணு உண்மையாகவே வியந்தார். "நான் எப்பக் கண்ணு வேண்டாம்னேன்? அவன்தான் உக்கார மாட்டேங்கறான்."

"நீங்க வந்து கேக்கறீங்க."

"ஒடம்பு எப்படின்னு கேக்கறது தப்பா?" அவர் குரல் தணிந்தது. "சும்மா உக்காந்தா, பாக்கறவங்க என்னையத்தான கேப்பாங்க கண்ணு. கையில எதாவது இருந்தா எனக்குஞ் சொல்றதுக்கு ஒரு வார்த்த இருக்கும். நானுஞ் சின்ன வயசுல அப்படித்தான் புடிச்சேன். எனக்கென்ன பீடின்னா உசுரா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவள் திரும்பி நடந்தாள்.

ஐந்தாம் நாள் பத்து மணிக்குப் பாறையின் மேல் நீலமாகப் புகை எழுந்தது. இளவரசி கிளையை வளைத்த கையோடு நின்றாள். ஓடிப்போய்ப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் முந்தைய மூட்டையோடு சரிவில் இறங்கும்போது அவன் முழங்கால் இரண்டு முறை மடங்கியதை அவள் பார்த்திருந்தாள். அவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதில் அவளுக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று. அந்த ஆறுதலுக்காக அவள் தன்னை மன்னிக்கவேயில்லை. கிளையை விட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

தை கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவரும் முதல் பஸ்ஸில் மலையிறங்கினார்கள். சேலத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அந்த அறை இருந்தது. பாக்கியநாதன், கீபோர்டு வாசிப்பவர், தபலாக்காரர், மூவரும் அன்போடுதான் வரவேற்றார்கள். எதை வேண்டுமானாலும் பாடலாம் என்றார் பாக்கியநாதன். உச்சிக்குப் போகாத சினிமாப் பாட்டு குறைந்தது பத்து அவனுக்குத் தெரியும். எதைப் பாடி அவர் மனதில் இடம்பிடித்தானோ அதையே பாடுவது என்று அவன் மலையிலிருந்து இறங்கும்போதே முடிவு செய்திருந்தான்.

தொடக்க அடிகள் நன்றாக வந்தன. கீபோர்டுக்காரர் தலையசைத்தார். ஊர்ப் பெயர்கள் தொடங்கின. வாழவந்தி. மாரமங்கலம். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொரு படிக்கும் குரலின் ஓரத்தில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு ஏறியது. ஆறாவது ஊர் கொட்டச்சேடு. அங்கே மூச்சு முடிந்தது.

அவன் பழக்கத்தில் காத்திருந்தான். ஊரில் என்றால், மூச்சு முடிந்த இடத்தில் அடுத்த ஊரைக் குழு எடுத்துக்கொள்ளும். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்வான். அந்த அறையில் குழு இல்லை. கீபோர்டுக்காரரின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே நின்றன. கீழே கடையில் யாரோ ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பார்க்கும் ஓசை கேட்டது. ஏழாவது ஊரின் பெயர் இளவரசியின் நாக்கில் இருந்தது; அவளுக்குப் பத்தொன்பது விநாடி மூச்சும் இருந்தது. ஆனால் அவள் பாடுகிறவள் அல்ல. வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

வேலுசாமி இருமினான். இருமல் வெகுநேரம் நிற்கவில்லை.

"சளி புடிச்சிருக்குதா தம்பி?" என்று பாக்கியநாதன் கேட்டார்.

"ஆமாங்க."

"கொணமாகட்டும். சொல்லி அனுப்பறேன்." டீ வாங்கிக் கொடுத்தார். பஸ்ஸுக்குப் பணம் இருக்கிறதா என்றும் கேட்டார். அவனுடைய போன் எண்ணை அவர் கேட்கவில்லை.

மேலேறும் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவில் முதன்முறையாகப் பேசினான்.

"நம்ம ஊரோட நின்னு போச்சுக்கா."

குரல் மிகவும் அடங்கியிருந்தது. அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த விரல்களின் நுனி மஞ்சளாகி வெகுநாளாகிவிட்டது. அதுவரை அவள் கூர்ந்து பார்க்காமல் தவிர்த்து வந்திருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. கடைசிச் சுற்றுப் பறிப்பு. பழம் குறைவு, ஆனால் செடிக்குச் செடி தேட வேண்டியிருந்தது. பத்து மணி அளவில் வேலுசாமி மூட்டையை இறக்கிவிட்டு மேலே வந்து, பாறையில் உட்கார்ந்து, பற்றவைத்தான். இப்போதெல்லாம் அவன் அங்கே பாடுவதில்லை.

இளவரசி இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தாள். அதைச் செடியின் அடியில் வைத்தாள். வரிசையை விட்டு வெளியே வந்து, சரிவில் ஏறி, ஆண்கள் உட்காரும் அந்தப் பாறையில் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து வரிசையில் வீராயியின் கைகள் நின்றன.

"என்னக்கா?" என்றான் வேலுசாமி.

"இழுக்காத."

"அணைஞ்சிரும்க்கா."

"அணையட்டும்."

அவன் பீடியை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நுனியில் இருந்த சிவப்பு சிறுத்துக்கொண்டே வந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி இழை புகை பனியோடு கலந்து போயிற்று. அவன் எழுந்துகொள்ளக் காலை ஊன்றினான். அவள் அவன் முழங்கால்மேல் கை வைத்தாள்.

ஐயாக்கண்ணு வரிசைகளின் ஊடே வந்தார். பாறையில் புகை இல்லை. இரண்டு பேர் இருந்தார்கள். அருகே வந்து நின்றார்.

"என்ன கண்ணு, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்குதுங்க."

"பின்ன?"

அவள் எழவில்லை. வரிசையின் கடைசியில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இவனுக்கு மொதப் பீடி நான்தானுங்க வாங்கிக் குடுத்தேன். இங்க சும்மா உக்கார முடியாதுன்னு குடுத்தேன். இவன் பாட்டு போயிருச்சு. இப்ப நான் சும்மா உக்காந்திருக்கேனுங்க."

பிறகு, எல்லோரும் பார்க்கும்படி, இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்தாள். அவற்றில் ஒன்றும் இல்லை.